இனம் பாதி, தீனி பாதி!

சிதம்பரத்துக்குக் கிழக்கே சுமார் 15 கிலோமீட்டர் தொலைவில், வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே இருக்கிறது பிச்சாவரம். உப்பங்கழியின் ஓரங்களில் சுரபுன்னை மரங்கள் வேரூன்றி நிற்கின்றன. அங்கே இருளர்கள் இறால் பிடிக்கும் காட்சி விசித்திரமானது. வலை இல்லை, தூண்டில் இல்லை. பனையோலைப் பறியைப் பல்லால் கடித்துக்கொண்டு, இரு கைகளாலும் சேற்றைத் துழாவுகிறார்கள்!

அந்த இறாலுக்குத் தீனி போடுவது யார்? காடுதான்! உதிர்ந்த இலை மக்குகிறது. அதில் நுண்ணுயிர்களும் புழுக்களும் பெருகுகின்றன. அவற்றைத் தின்று இறால் வளர்கிறது.

பண்ணைக் குளத்து இறாலின் கதை வேறு. அதற்கு மூட்டை மூட்டையாகத் தீவனம் வாங்க வேண்டும். பண்ணைச் செலவில் பாதிக்கு மேல் அதற்கே போய்விடும். அதிலும் விலை கூடிய சரக்கு, மீன் தூளும் சோயாப் புண்ணாக்கும் தரும் புரதச் சத்து. அப்படியானால் எவ்வளவு புரதம் போட்டால் போதும்?

கடல் கடந்து வந்த இறால்

அதை முடிவு செய்வது இறாலின் இனம். நம் பண்ணைகளில் முதலில் கொடிகட்டிப் பறந்தது டைகர் இறால். 1994-95-ல் வந்த வெள்ளைப்புள்ளி நோய் அதைச் சாய்த்தது. பசிபிக் கடலில், மெக்சிகோ முதல் பெரு வரையிலான கரையோரத்தைச் சேர்ந்தது வனாமி இறால். 2009-ல் அதைப் பரவலாக வளர்க்க மத்திய அரசு அனுமதி தந்தது.

டைகர், அடித்தரையில் மேயும் மாமிசப் பிரியன். அதன் தீவனத்தில் 40 சதவீதம் அளவுக்குப் புரதம் வேண்டும். வனாமியோ கிடைத்ததைத் தின்னும். நீரில் மிதக்கும் நுண்ணுயிர்த் திரளையும் விடாது. அதற்குச் சுமார் 35 சதவீதமே போதும்.

குறைந்தாலும் கேடு, மிஞ்சினாலும் கேடு

பந்தயக் குதிரைக்கு உமியைப் போட்டால் ஓடுமா? வேகமாக வளரும் இனமாக இருந்தாலும், புரதம் குறைந்தால் இறால் ஓடு உரிப்பது தாமதமாகும், எடை ஏறாது.

சரி, 40 சதவீதத் தீவனத்தையே வனாமிக்கும் போட்டால் என்ன? ஒரு டன்னுக்கு 50 கிலோ புரதம் கூடுதல். அதில் சுமார் 8 கிலோ நைட்ரஜன். உடம்பில் சேராத புரதம் செவுள் வழியே அம்மோனியாவாக நீரில் கலக்கிறது. காசு கொடுத்து வாங்கிய சத்து, குளத்துக்கே நஞ்சாகிறது!

பன்றிக்கும் கோழிக்கும் இதே விதிதான். விரைவில் சதை வைக்கும் சீமைப் பன்றிக்கு வேண்டிய புரதம், நாட்டுப் பன்றிக்குத் தேவையில்லை.

ஆகவே, அனுபவசாலி கண்ணை மூடிக்கொண்டு தீவனத்தைக் கொட்டுவதில்லை. 'செக் டிரே' என்னும் தட்டில் கொஞ்சம் வைத்துக் குளத்தில் இறக்குகிறார். சற்று நேரத்தில் தூக்கிப் பார்க்கிறார். மிச்சம் இருந்தால் அடுத்த வேளைக்கு அளவைக் குறைக்கிறார்.

இந்தச் சிக்கனம் அவருக்கு மட்டுமல்ல லாபம். கரையோரக் குளத்து நீர் கடைசியில் கழிமுகத்துக்குத்தான் வந்து சேரும். அங்கேதான் பறியைப் பல்லில் கடித்தபடி ஒருவர் அன்றைய சோற்றைத் துழாவிக்கொண்டிருக்கிறார்!