வயிற்றில் நீர் கோத்தவருக்கு சிஏ 125 எதற்கு?

அம்பாசமுத்திரத்திலிருந்து ஓர் அம்மா வயிறு வீங்கி, பாளையங்கோட்டை ஐகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரிக்கு வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். கையில், ஏற்கெனவே வெளியே எடுத்த ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட். சிஏ 125 என்ற வரிக்கு நேரே 600. இயல்பு அளவு 35-க்குள் என்று பக்கத்திலேயே அச்சாகியிருக்கிறது. சினைப்பைப் புற்றுநோய் என்று வீடே கலங்கிப்போகும். அவருக்கு இருப்பது கல்லீரல் சுருக்க நோய் என்றால், அந்த 600-ஐ வைத்துப் புற்றுநோய் என்று சொல்லவே முடியாது.

1981-இல் அமெரிக்காவில் ராபர்ட் பாஸ்ட் குழுவினர் அடையாளம் கண்ட சிஏ 125 என்ற புரதத்தைச் சினைப்பைக் கட்டிகள் மட்டும் சுரப்பதில்லை. வயிற்றின் உட்புறத்தைப் போர்த்தியிருக்கும் மெல்லிய சவ்வும் சுரக்கிறது. நீர் கோத்துச் சவ்வு இழுபடும்போது சுரப்பு பல மடங்கு ஏறும், ஆண்களுக்கும் ஏறும். நீரை வடித்தால் இறங்கும். வயிற்றுக் காசநோயிலும் இதே ஏற்றம் உண்டு. அதுவோ மாத்திரையில் குணமாகிற நோய்.

புற்றுநோய்க்காகப் பார்க்கும் மற்ற ரத்த மார்க்கர்களும் இப்படித்தான். பித்தக்குழாயில் கல் அடைத்து மஞ்சள் காமாலை வந்தால் சிஏ 19-9 ஆயிரத்தைக்கூடத் தாண்டலாம். அடைப்பு நீங்கினால் குறையும். சிஇஏ-வை ரத்தத்திலிருந்து அகற்றுவதே கல்லீரல்தான். அது தளர்ந்தால் அளவு கூடும். கருக்குழந்தையின் கல்லீரல் சுரக்கும் ஏஎஃப்பி, ஹெபடைடிஸ் கிருமியால் புண்பட்ட கல்லீரல் தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும்போதும் தலைகாட்டும்.

உண்மையைச் சொல்வது வயிற்று நீர். ஊசியால் கொஞ்சம் எடுத்து, செல்களையும் ஆல்புமினையும் பார்க்க வேண்டும். ரத்த ஆல்புமினுக்கும் நீரின் ஆல்புமினுக்கும் உள்ள வித்தியாசம் டெசிலிட்டருக்கு 1.1 கிராம் அல்லது அதற்கு மேல் இருந்தால், பெரும்பாலும் கல்லீரல்தான் காரணம். நீர் கோத்தவர்களுக்கு சிஏ 125 பார்க்க வேண்டாம் என்று அமெரிக்கக் கல்லீரல் மருத்துவர் சங்கத்தின் வழிகாட்டுதலே சொல்லியிருக்கிறது. அந்த எண்ணை நம்பி வயிற்றைத் திறந்தால், நலிந்த கல்லீரல் தாங்காது, உயிருக்கே ஆபத்து.

கல்லீரல் சுருக்கம் உள்ளவர்களுக்குக் கல்லீரல் புற்றுநோய் வரும் வாய்ப்பு கூடுதல் என்பதும் உண்மை. அதைக் கண்டறிய வழி, 6 மாதத்துக்கு ஒருமுறை வயிற்று ஸ்கேன். ஏஎஃப்பி அதற்குத் துணை மட்டுமே. சிறு கட்டிகள் பலவற்றில் அது ஏறுவதே இல்லை.

ஆகவே, கல்லீரல் நோய் உள்ளவர்கள் 'கேன்சர் பேக்கேஜ்' என்று தாங்களாகவே பணம் கட்டிப் பரிசோதிக்க வேண்டாம். யாராவது அறுவை சிகிச்சைக்குக் கையெழுத்துக் கேட்டால், "வயித்துத் தண்ணிய டெஸ்ட் பண்ணியாச்சா?" என்று தயங்காமல் கேளுங்கள்.