குடிமகனை உருவாக்கும் புத்தகம் யாருடையது?

புது தில்லி: ஊராட்சியின் கடமைகள் யாவை, குடியரசுத் தலைவரின் அதிகாரங்கள் யாவை என மனனம் செய்ய வைத்த பாடம் ஒன்று நம் பள்ளிகளில் நெடுங்காலம் இருந்தது. குடிமையியல் என்பது அதன் பெயர். நல்ல குடிமகன் சட்டத்தை மதிப்பான், வரி செலுத்துவான் என்பதற்கு மேல் அது அதிகம் சொன்னதில்லை.

பேராசிரியர் யஷ்பால் தலைமையிலான குழு வகுத்த 2005-ஆம் ஆண்டின் தேசியக் கலைத்திட்டத்தைத் தொடர்ந்து, காலனி ஆட்சியின் சாயல் படிந்தது என்று கருதப்பட்ட அந்தப் பெயரே கைவிடப்பட்டது. என்.சி.இ.ஆர்.டி. 6 முதல் 8-ஆம் வகுப்பு வரை 'சமூக, அரசியல் வாழ்வு' என்றும், 9, 10-ஆம் வகுப்புகளுக்கு 'ஜனநாயக அரசியல்' என்றும் புதிய நூல்களைக் கொண்டுவந்தது. 6-ஆம் வகுப்பு நூலில், தமிழகக் கடலோரத்தை ஒட்டிய கல்பட்டு கிராமத்தின் விவசாயக் கூலிப் பெண்ணும் கடன்பட்ட சிறு விவசாயியும் அருகிலுள்ள ஊரின் மீனவக் குடும்பமும் பாடமாயினர். மேல் வகுப்பு நூல்களின் ஓரங்களில் உன்னி, முன்னி என்ற இரு கேலிச்சித்திரச் சிறுவர்கள் குறுக்கிட்டுக் கேள்வி கேட்டனர். அவற்றுக்கு விடை புத்தகத்தில் இல்லை. மாணவர்களே விவாதித்துக் கண்டறிய வேண்டும் என்பது ஏற்பாடு. தேர்வில் மதிப்பெண் இல்லாத கேள்விக்கு எத்தனை வகுப்பறைகள் நேரம் ஒதுக்கியிருக்கும் என்பது வேறு விஷயம்.

கேள்வி கேட்கும் புத்தகத்துக்கு முதல் பெரும் சோதனை 2012 மே மாதம் வந்தது. நத்தை வடிவிலான அரசியல் சட்டத்தின் மீது அம்பேத்கர் அமர்ந்திருக்க, நேரு பின்னால் சாட்டையுடன் நிற்பதாக 1949-ல் சங்கர் வரைந்த கேலிச்சித்திரம் 11-ஆம் வகுப்பு நூலில் இடம்பெற்றிருந்தது. அரசியல் சட்டத்தை உருவாக்க ஏன் இவ்வளவு காலம் பிடித்தது என்று சித்திரத்தின் கீழே மாணவர்களிடம் கேட்கப்பட்டிருந்தது. மக்களவையில் தொல். திருமாவளவன் இதனை எழுப்ப, அவை கொந்தளித்தது. அமைச்சர் கபில் சிபல் மன்னிப்புக் கோரினார். நூல்களின் தலைமை ஆலோசகர்களான யோகேந்திர யாதவும் சுஹாஸ் பல்ஷிகரும் விலகினர். புணே பல்கலைக்கழகத்தில் பல்ஷிகரின் அலுவலகம் தாக்கப்பட்டது. அடுத்த மாதம், 1965 இந்தி எதிர்ப்புப் போராட்டம் பற்றிய ஆர்.கே. லட்சுமணின் சித்திரம் 12-ஆம் வகுப்பு நூலில் இருப்பதற்குக் கருணாநிதி கண்டனம் தெரிவித்தார்.

இந்த மனக்காயங்களை வெறும் அரசியல் என்று ஒதுக்கிவிட முடியாது. தலித் மாணவன் ஒருவன் அந்தச் சித்திரத்தை எந்த ஆசிரியரிடம், எத்தகைய வகுப்பறையில் காண்கிறான் என்பதும் கேள்வியே. ஆனால் அதற்கான தீர்வு சித்திரங்களை நீக்குவதா? ஆய்வு செய்த சுகதேவ் தோரட் குழுவில் பெரும்பான்மையினர் ஆம் என்றனர். திராவிட இயக்கம் பற்றி விரிவாக எழுதிய வரலாற்றறிஞர் எம்.எஸ்.எஸ். பாண்டியன், குழுவிலிருந்தபடியே மாற்றுக் கருத்தைப் பதிவு செய்தார்.

நாடாளுமன்ற அமளி ஏதுமின்றி வந்தது அடுத்த நீக்கம். 2020-21-க்கு மட்டும், கொரோனாவை முன்னிட்டு, சி.பி.எஸ்.இ. 11-ஆம் வகுப்புத் தேர்வுக்கான பாடங்களிலிருந்து கூட்டாட்சி, குடியுரிமை, தேசியம், மதச்சார்பின்மை ஆகிய அத்தியாயங்களை விலக்கியது. பின்னர் பாடச்சுமைக் குறைப்பு என்ற பெயரில் 10-ஆம் வகுப்பு நூலிலிருந்து 'மக்கள் போராட்டங்களும் இயக்கங்களும்', 'ஜனநாயகமும் பன்முகத்தன்மையும்', 'ஜனநாயகத்தின் சவால்கள்' ஆகிய அத்தியாயங்கள் நீக்கப்பட்டன. சுமையைக் குறைப்பது அவசியமே. எனினும், சுமை இந்தத் தலைப்புகளில்தான் இருந்தது என்பதை ஏற்பது கடினம்.

இப்படிச் சிதைந்த நூல்களில் தங்கள் பெயர் வேண்டாம் என்று 2023 ஜூனில் யாதவும் பல்ஷிகரும் கடிதம் எழுதினர். மேலும் 33 கல்வியாளர்கள் அதே கோரிக்கையை வைத்தனர். நூல்கள் கூட்டு முயற்சியில் உருவானவை, பதிப்புரிமை தன்னுடையது என்று கூறி என்.சி.இ.ஆர்.டி. அதனை ஏற்க மறுத்தது.

6-ஆம் வகுப்புக்கு 2024-ல் வரலாறு, புவியியல், அரசியல் மூன்றையும் இணைத்த ஒரே நூல் வந்தது. ஊராட்சியும் நகராட்சியும் அதில் உள்ளன. 'சமூக, அரசியல் வாழ்வு' நூலுடன் கல்பட்டு கிராமம் அந்த வகுப்பிலிருந்து வெளியேறிவிட்டது.