வீட்டுக் கல்வியிற் பௌதிகம்: பாடநெறியைத் தெரிதல்

பிள்ளைகளைப் பாடசாலைக்கு அனுப்பாது வீட்டிலேயே கற்பிக்கும் வழக்கம் ஐக்கிய அமெரிக்காவின் 50 மாநிலங்களிலும் சட்டத்துக்கு அமைவானதாகும். கடல் கடந்து அங்கு வாழும் எம் பழைய மாணவர்க்கும் இவ்வழி உவப்பாகலாம். மொழியையும் வரலாற்றையும் தயக்கமின்றிக் கற்பிக்கும் பெற்றோர், பிள்ளை பௌதிகத்தைத் தொடங்கும் பருவத்திலே திகைப்பர். பொருந்தாத நெறி ஓராண்டை வீணாக்குவதுடன் அமையாது. "பௌதிகம் எனக்கு வராது" என்னும் எண்ணத்தையும் இளநெஞ்சில் ஊன்றிவிடும். பொறியியலுக்குச் செல்லும் வாயில் இவ்வாறு அடைபடுவதுண்டு. ஆதலின் தெரிவுமுறையை ஈண்டு விளக்குவாம்.

நூலைப் பார்க்குமுன் பிள்ளையின் கணிதத்தைப் பார்த்தல் வேண்டும். அந்நாட்டுப் பாடநெறிகள் கணித அளவினால் மூவகைப்படும். முதலாவது, கருத்துக்களை முதன்மையாகக் கொண்டு சமன்பாடுகளைச் சுருக்கியது. போல் ஹியூவிற் 1971 இல் வெளியிட்ட நூல் இவ்வகைக்கு வழிகாட்டியது. இரண்டாவது, அட்சரகணிதமும் திரிகோணகணிதமும் வேண்டுவது, 2014 இல் தொடங்கிய "ஏ. பி. பௌதிகம் 1" இவ்வகையது. மூன்றாவது, நுண்கணிதத்தை வேண்டும் "ஏ. பி. பௌதிகம் சி". சாய்தளத்திற் கிடக்கும் கட்டையின் நிறையைத் தளத்துக்குச் சமாந்தரமாகவும் செங்குத்தாகவும் கூறாக்குமாறு பிள்ளையைக் கேளுங்கள். சைன், கோசைன் என்பவற்றைக் கையாண்டு விடைகூறின் இரண்டாம் வகை ஏற்றது. தடுமாறின் முதல்வகையிற் தொடங்குதல் இழுக்கன்று.

அடுத்தது செயன்முறை. 1956 இல் மாசாச்சுசெற்ஸ் தொழினுட்ப நிறுவகத்தில் ஜெரோல்ட் சக்கரையாஸ் தலைமையிற் கூடிய பௌதிக ஆய்வுக்குழு, 1960 இல் வெளியிட்ட தன் பாடநூலோடு, எளிய கருவிகளாற் செய்யத்தக்க பரிசோதனைகளையும் வகுத்தளித்தது. அந்நெறி இன்றும் வீட்டுக்குப் பொருந்தும். ஒரு மீற்றர் நீள நூலிற் கல்லொன்றைக் கட்டிச் சிறுவீச்சில் ஆட்டினால், 20 அலைவுகளுக்கு ஏறத்தாழ 40 செக்கன் செல்லும். அதனின்று ஈர்ப்பு ஆர்முடுகல் ஏறத்தாழ 9.9 எனப் பெறப்படும். நேரத்தை 39 செக்கன் எனத் தவறாக அளப்பின் விடை 10.4 ஆகிவிடும். ஒரு செக்கன் வழு எவ்வளவு பெரிதென்பதைப் பிள்ளை தன் கையாலேயே அறிகின்றது. இவ்வறிவு தராத நெறி ஏட்டுச் சுரைக்காயே.

பொருட்செலவை அஞ்சவேண்டுவதில்லை. றைஸ் பல்கலைக்கழகத்தின் "ஓப்பன்ஸ்ராக்ஸ்" பாடநூல்களை இணையத்தில் இலவசமாகப் பெறலாம். கொலராடோப் பல்கலைக்கழகத்திற் கார்ல் வீமன் 2002 இல் தொடங்கிய "பெற்" போன்மைகளும் இலவசமானவையே. ஆயினும் திரையிலுள்ள ஊசல், நூலிற் கட்டிய கல்லுக்கு ஈடாகாது.

ஈற்றில் சான்று பற்றி ஒரு சொல். பல்கலைக்கழகம் புகுவோர்க்குப் பெற்றோர் இடும் புள்ளிகள் மட்டும் போதியன ஆகாமற் போகலாம். ஏ. பி. பரீட்சைகள் மே மாதத்தில் நிகழினும், பரீட்சை நடாத்தும் அயற் பாடசாலையொன்றுடன் முந்திய இலையுதிர் காலத்திலேயே ஒழுங்கு செய்தல் வேண்டும். நாளும் வழுவும் குறித்த செயன்முறைக் கொப்பியையும் பேணுதல் நன்று.

ஆசிரியர் அருகில் இல்லாத வீட்டிலே, பிள்ளையின் வினாவுக்கு "தெரியாது, இருவரும் அளந்து பார்ப்போம்" என்று கூறும் பெற்றோரே நல்லாசிரியராவர். நம் கல்லூரி ஆய்வுகூடத்தில் நாம் பெற்ற பயிற்சியும் அதுவேயன்றோ!