தாம்பரத்தில் உச்சிப்பொழுது எத்தனை மணிக்கு?

மொட்டைமாடியில் ஒரு குச்சியை நேராக நிறுத்தி, அதன் நிழல் மிகக் குட்டையாகும் நேரத்தைக் குறித்து வாருங்கள். தாம்பரத்தில் பிப்ரவரி நடுவில் அது 12.24 மணியளவில் நிகழும். நவம்பர் தொடக்கத்தில் 11.53-க்கே நிகழ்ந்துவிடும். பூமியின் அச்சுச் சாய்வும், சூரியனை அது நீள்வட்டத்தில் சுற்றுவதும் இதற்குக் காரணம். ஆண்டுச் சராசரி ஏறக்குறைய 12.10.

சராசரியாவது சரியாக 12 ஆகாதது ஏன்? இந்திய நேரத்தின் அடிப்படை, மிர்சாப்பூர் அருகே செல்லும் 82.5 டிகிரி கிழக்குத் தீர்க்கரேகை. தாம்பரம் இருப்பது சுமார் 80.1 டிகிரியில். பூமி ஒரு டிகிரி சுழல 4 நிமிடம் ஆகும். அதனால்தான் இந்தப் பத்து நிமிடத் தாமதம். நுங்கம்பாக்கம் வானாய்வகத்தை வைத்துக் கணித்த 'மதராஸ் நேரம்' கிரீன்விச்சைவிட 5 மணி 21 நிமிடம் முன்னே இருந்தது. ஒருகாலத்தில் இந்திய ரயில்கள் அந்த நேரப்படிதான் ஓடின. 1906 ஜனவரி 1-இல் ஐந்தரை மணி நேரக் கணக்கு வந்தது.

நமக்குப் பத்து நிமிடம் ஒரு பொருட்டல்ல. நாட்டின் இரு கோடிகளில் உள்ள சிற்றூர்களுக்கு அப்படியில்லை. அருணாச்சலப் பிரதேசத்தின் அஞ்சாவ் மாவட்டத்தில், லோஹித் ஆற்றோரம் இருக்கிறது டோங். குஜராத்தின் கட்ச் மேற்கு முனையில் குஹார் மோட்டி. இரண்டுக்கும் இடையே 28 டிகிரிக்கு மேல். சூரியக் கணக்கில் கிட்டத்தட்ட இரண்டு மணி நேரம். டிசம்பர் கடைசியில் டோங்கில் மாலை 4.10-க்கெல்லாம் அஸ்தமனம், மலைகள் மறைப்பதால் வெயில் அதற்கும் முன்பே போய்விடும். அன்று குஹார் மோட்டியில் ஆறு மணிக்கும் வெளிச்சம் இருக்கும். ஆனால் காலை ஏழரை வரை அங்கே சூரியனைப் பார்க்க முடியாது. ஜூனில் டோங்கில் நாலு மணிக்கே பொழுது விடிந்துவிடும். பத்து மணிக்கு அலுவலகம் திறப்பதற்குள் ஆறு மணி நேர வெளிச்சம் கழிந்திருக்கும்.

இதற்கு அசாம் தேயிலைத் தோட்டங்கள் எப்போதோ வழி கண்டன. அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே வைத்து வேலையைத் தொடங்குகிறார்கள். பெயர் 'பாகான் நேரம்', தோட்டத்து நேரம். 2018-இல் தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் விஞ்ஞானிகள், வடகிழக்குக்கு ஆறரை மணி நேரக் கணக்கைத் தனியே தரலாம் என்று முன்மொழிந்தனர். மேற்கு வங்கமும் அசாமும் சந்திக்கும் குறுகிய பகுதியில் எல்லையை வைத்தால் ரயில்களுக்குக் குழப்பம் குறைவு என்பது அவர்கள் வாதம்.

இரண்டு நேரங்கள் தரும் தொல்லையும் நிஜம். மின்தட்டுப்பாட்டால் 1996-இல் இலங்கை அரசு நேரத்தை முன்னே தள்ளியபோது, புலிகள் வசமிருந்த வன்னி அதை ஏற்கவில்லை. 2006-இல் கொழும்பு பழைய நேரத்துக்குத் திரும்பும்வரை, எல்லையிலிருந்த ஓமந்தைச் சோதனைச்சாவடியைக் கடந்தவர்கள் அரை மணி நேர வித்தியாசத்தோடு வாழ்ந்தார்கள்.

ஆகவே நாட்டின் கடிகாரத்தைத் தொடாமல், வடகிழக்கின் பள்ளி, அலுவலக நேரங்களை முதலில் மாற்றிப் பார்க்கலாம். காலை எட்டு மணிக்குத் தொடங்கினால் குளிர்கால மாலையின் மிச்ச வெளிச்சம் அவர்களுக்குக் கிடைக்கும். அசாமின் சில்காட்டுக்குத் தாம்பரத்திலிருந்தே ரயில் போகிறது. அந்த ஊர்க்காரர்கள் நம் புறநகர்களில் உழைக்கிறார்கள். ஒரே நேரம் நமக்கு வசதியாக அமைந்தது தீர்க்கரேகையின் தற்செயல். அது வாய்க்காதவர்கள் கேட்கும்போது ஆதரித்துப் பேச வேண்டியது நம் கடமை.