மூச்சில் நோயறியும் லேசர்ச் சீப்பு

"இனி ஊசி குத்தி இரத்தம் எடுக்கத் தேவையில்லையாம், ஊதினாலே போதுமாம். உண்மையா டொக்டர்?" நீரிழிவு நோயுள்ள எம்மவர்கள் சிலர் இப்படிக் கேட்பதுண்டு. செய்தியில் உண்மை உண்டு. ஆனால் முழு உண்மையல்ல. இதை நம்பி இரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடும் ஆபத்தும் இருப்பதால், இம்முறை இதுபற்றிச் சற்று விளக்கமாகப் பார்ப்போம்.

மூச்சைக் கொண்டு நோயை ஊகிப்பது வைத்தியத்துக்குப் புதிதல்ல. நீரிழிவு கட்டுமீறும்போது மூச்சில் அசற்றோனின் பழ மணம் வீசலாம். சிறுநீரகம் செயலிழந்தால் அமோனியா மணம் வரலாம். மூச்சில் சுமார் 250 பொருட்கள் இருப்பதை லைனஸ் போலிங் குழுவினர் 1971 இல் காட்டினர். வயிற்றுப்புண்ணை உண்டாக்கும் ஹெலிகோபக்ரர் பைலோரி கிருமிக்கும், ஆஸ்துமாவுக்கும் மூச்சுப் பரிசோதனைகள் ஏற்கனவே பயன்பாட்டில் உள்ளன. ஆனால் அவை ஒவ்வொன்றும் ஒரு பொருளை மட்டுமே தேடுகின்றன. பலவற்றை ஒரே நேரத்தில் தேட வந்ததே 'மீடிறன் சீப்பு'.

சீப்பு என்பது என்ன?

மிகக் குறுகிய ஒளித்துடிப்புகளை ஒழுங்கான இடைவெளியில் வெளியிடும் லேசரின் ஒளியைப் பிரித்துப் பார்த்தால், ஆயிரக்கணக்கான மீடிறன்கள் சீப்பின் பற்கள்போலச் சம இடைவெளியில் நிற்பதைக் காணலாம். இத்துறையில் செய்த பணிக்காக ஜேர்மனியின் தியோடர் ஹென்ஷும் அமெரிக்காவின் ஜோன் ஹோலும் 2005 இல் பௌதிகவியல் நோபல் பரிசின் ஒரு பாதியைப் பகிர்ந்துகொண்டனர். ஒவ்வொரு வாயுவும் தனக்குரிய பற்களின் ஒளியை மட்டும் உறிஞ்சும். எந்தப் பற்கள் மங்கின என்பது வாயுவின் பெயரைச் சொல்லும். எவ்வளவு மங்கின என்பது அதன் அளவைச் சொல்லும்.

பற்கள் ஆடினால்?

சிக்கல் இங்கேதான். அறையின் வெப்பநிலை மாற்றம், கட்டடத்தின் அதிர்வு, லேசருக்குச் சக்தி தரும் ஒளியின் ஏற்ற இறக்கம் ஆகிய யாவும் பற்களை அசைக்கும். மூச்சு மாதிரி இரண்டு கண்ணாடிகளுக்கு இடையில் வைக்கப்படுகிறது. ஒளி அங்கே ஆயிரக்கணக்கான தடவை தெறித்து, கிலோமீற்றர் கணக்கில் பயணம் செய்வதால் சொற்ப வாயுவும் அகப்படும். ஆனால் கண்ணாடிகளின் இடைத்தூரத்துடன் சரியாகப் பொருந்தும் மீடிறன்களே உள்ளே நுழைய முடியும். பற்கள் நடுங்கினால் உள்ளே போகும் ஒளி கூடிக் குறையும். இந்த இரைச்சலில் வாயுவின் மெல்லிய அடையாளம் மறைந்துவிடும்.

ஆகவே கருவி தன்னைத்தானே இடைவிடாது கவனிக்கிறது. பற்களின் இடைவெளி, சீப்பு முழுவதும் நகர்ந்த அளவு ஆகிய இரண்டையும் அளந்து, கண்ணாடியை நுண்ணளவில் நகர்த்தியும் லேசரின் சக்தியை மாற்றியும் உடனுக்குடன் திருத்துகிறது. நோயாளியின் இரத்த அழுத்தத்தைப் பார்த்து மருந்துச் சொட்டின் வேகத்தைக் கூட்டிக் குறைப்பதைப் போன்றது இது. 2025 இல் கொலராடோவில் உள்ள ஜிலா ஆய்வகத்தினர் வெளியிட்ட முறை இன்னொரு வழியைக் கையாள்கிறது. கண்ணாடிகளின் இடைத்தூரத்தை வேண்டுமென்றே மாற்றிக்கொண்டு, உள்ளே சென்ற ஒளி அணைய எடுக்கும் நேரத்தை அது அளக்கிறது. ஒளி பிரகாசமாக நுழைந்தாலும் மங்கலாக நுழைந்தாலும் அந்த நேரம் மாறாது.

இன்று எங்கே நிற்கிறோம்?

இதே ஆய்வகத்தில் ஜுன் யே குழுவினர் 2008 இல் மூச்சிலுள்ள அமோனியா, காபனோரொட்சைட்டு, மீதேன் ஆகியவற்றைச் சீப்பினால் கண்டறிந்தனர். 2023 இல் 170 பேரின் மூச்சை ஆராய்ந்து கொவிட் தொற்றைப் பிரித்தறிய முயன்றபோது, கணிப்புத் திறன் 0.849 ஆக இருந்தது. இந்த அளவுகோலில் 0.5 என்பது நாணயம் சுண்டிப் பார்ப்பதற்குச் சமம். 1 என்பது பிழையே இல்லாத நிலை. நல்ல தொடக்கம், ஆனால் முடிவல்ல. லேசரின் நடுக்கத்தை அடக்கினாலும், உண்ட உணவு, புகைத்தல், வாயிலுள்ள கிருமிகள் என மூச்சுக்கே உரிய இரைச்சல் எஞ்சியிருக்கிறது.

நாம் செய்ய வேண்டியவை

கடந்த இரண்டு மூன்று மாதச் சீனிக் கட்டுப்பாட்டைக் காட்டும் எச்.பி.ஏ.1சி இரத்தப் பரிசோதனைக்கு மூச்சுக் கருவி இன்னும் மாற்றாகவில்லை. குறித்த தவணையைத் தவறவிடாதீர்கள். நீரிழிவு உள்ளவருக்கு மூச்சில் பழ மணத்துடன் வாந்தி, ஆழ்ந்த வேகமான சுவாசம், மயக்க நிலை இருந்தால் உடனே அவசர சிகிச்சைக்குக் கொண்டு செல்லுங்கள்.

இரைச்சலைக் குறைத்த பின்னரே அளவை நம்பலாம் என்ற விதி வீட்டிலும் பொருந்தும். இரத்த அழுத்தம் பார்க்குமுன் அரை மணி நேரம் கோப்பியும் புகையும் வேண்டாம். ஐந்து நிமிடம் அமைதியாக அமர்ந்து, கையை இதய மட்டத்தில் தாங்கி வைத்து, பேசாமல், ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு தடவை அளந்து குறித்து வாருங்கள். அந்தக் குறிப்பு உங்கள் வைத்தியருக்குப் பெரிதும் உதவும்.