மரம் நட்டால் காடாகுமா?

மழைக்காலம் வந்துவிட்டால் போதும், நம் சங்கங்களில் மரக்கன்று நடுவிழா தொடங்கிவிடும். நல்ல காரியம், யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் "எத்தனை கன்று நட்டோம்?" என்று கேட்கிற அளவுக்கு, "என்ன கன்று, எந்த நிலத்தில், யாருக்குப் பயன்பட?" என்று நாம் கேட்பதில்லை. இந்தக் கேள்விகளைக் கேட்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதை, நாம் பிழைக்க வந்த ஜார்க்கண்ட் மண் பட்டு அறிந்திருக்கிறது. முப்பது ஆண்டுகளுக்கு மேலாக ஜாம்ஷெட்பூரில் வாழ்பவன், விடுமுறை நாட்களில் சிங்பூம் காடுகளில் நடந்து பழகியவன் என்ற உரிமையில் அந்தக் கதையை இங்கே எழுதுகிறேன்.

சால் காடு

ஜாம்ஷெட்பூரிலிருந்து சாய்பாசா வழியாகத் தென்மேற்கே போனால் சாரண்டா வரும். எழுநூறு குன்றுகளின் நாடு என்று அந்தப் பெயருக்குப் பொருள் சொல்லுவாங்க. அங்கே தலைமை மரம் சால். நம்ம நாட்டு மருந்துக் கடைகளில் குங்கிலியம் என்று விற்கும் பிசின்களில் ஒன்று இந்த மரத்தில் வடிவதுதான்.

"சால் காடும் ஒரே மரம் நிறைந்த காடுதானே?" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். உள்ளே நடந்து பார்த்தால் விடை தெரியும். சாலுக்கு நடுவே, நம் இலுப்பையின் உறவான மகுவா, பீடி சுற்றும் இலை தருகிற கேந்து, அரக்குப் பூச்சி வளர்கிற குசும், கருமருது, நெல்லி எல்லாம் கலந்து நிற்கும். முதிர்ந்த மரமும் உண்டு, முழங்கால் உயரக் கன்றும் உண்டு. மேலே கொடிகள், கீழே புதர், புல், கிழங்கு. குறிஞ்சிப்பாட்டில் கபிலர் 99 பூக்களை அடுக்கினாரே, இப்படி ஒரு காட்டுக்குள் நடந்தவருக்கு அந்தப் பட்டியல் மிகையாகத் தோன்றாது.

ஹோ, முண்டா மக்களுக்கு இந்தக் காடுதான் ஆண்டு முழுவதும் திறந்திருக்கும் பலசரக்குக் கடை. பங்குனி வாக்கில் சால் பூக்கும். அந்தப் பூவை வைத்துத்தான் முண்டாக்கள் சர்ஹுல் பண்டிகையும், ஹோக்கள் பா பரபும் கொண்டாடுகிறார்கள். அதே நாட்களில் விடியற்காலையில் மகுவாப் பூ பொறுக்குவார்கள். வெயில் ஏறினால் கேந்து இலை. மழைக்கு முன்பு சால் விதை, அதில் எண்ணெய் எடுக்கலாம். மழை பிடித்ததும் சால் வேரை ஒட்டி மண்ணுக்கடியில் ருக்டா என்ற உருண்டைக் காளான் விளையும். வடக்கத்தியர் பலர் புலால் தவிர்க்கும் சாவன் மாதத்தில் சந்தையில் அதற்கு இருக்கிற கிராக்கியைப் பார்க்கணுமே! இது போக, சால் இலையில் தைத்த தட்டும் தொன்னையும், பல் துலக்கும் குச்சியும் வாரச்சந்தையில் அன்றாடச் செலவுக்குக் காசு தரும்.

தேக்கு வந்த வழி

1972-இல் தேசிய வேளாண்மை ஆணையம் ஓர் இடைக்கால அறிக்கை தந்தது. கலப்புக் காடுகளை வெட்டிவிட்டு, விலை போகும் மரங்களை நட்டு வருமானத்தைப் பெருக்கலாம் என்பது அதன் போக்கு. மாநிலங்களில் வன வளர்ச்சிக் கழகங்கள் தோன்றின. அப்போது ஜார்க்கண்ட் பகுதி பீகாருக்குள் இருந்தது. பீகாரின் கழகம் 1975-இல் அமைந்தது. சிங்பூமில் சாலை வெட்டித் தேக்கு நடும் வேலை தொடங்கியது.

தேக்கு நம்ம மரம்தான். நம் வீட்டுக் கதவும் கட்டிலும் ஊஞ்சலும் அதில் செய்தவை. மரத்தின் மேல் பழி ஒன்றுமில்லை. ஒரு காட்டையே அழித்து ஒரே மரத்தை, ஒரே வயதில், வரிசை வரிசையாக நட்டதில்தான் தவறு இருக்கிறது. அது எப்படிப் பாதிக்கிறது என்று பார்ப்போம்.

முதலாவது, உணவு. மகுவாப் பூவோ, கேந்து இலையோ, சால் விதையோ தேக்குத் தோட்டத்தில் கிடைக்காது. சொரசொரப்பான தேக்கிலையை மாடும் விரும்பாது. ருக்டா சால் வேரோடு கூட்டு வாழ்க்கை நடத்தும் காளான் என்பதால் சால் போனால் அதுவும் போச்சு. பல பத்தாண்டுகள் கழித்து வெட்டும் தேக்கின் பணமும் கழகத்துக்குத்தான் போகும்.

இரண்டாவது, மண். அகலமான தேக்கிலையில் மழைத்துளிகள் சேர்ந்து பெரிய சொட்டாக விழும். கீழே புதரும் சருகும் இருந்தால் அவை தாங்கிக்கொள்ளும். தனித் தேக்குத் தோட்டத்தில் தரை வெறுமையாகக் கிடந்தால், அந்தச் சொட்டு மண்ணை அடித்துப் பெயர்க்கும். சரிவான நிலத்தில் மேல்மண் ஓடையோடு போய்விடும்.

மூன்றாவது, பூச்சி. கலப்புக் காட்டில் ஒரு புழு தன் மரத்தைத் தேடி அலைய வேண்டும். தோட்டத்திலோ அதற்குப் பந்தி விரித்து வைத்த மாதிரி. 1840-களிலேயே தேக்குத் தோட்டம் போட்ட கேரளத்து நிலம்பூரில், இலைதின்னிப் புழு கூட்டமாக வந்து மரங்களை மொட்டையடிப்பது பழகிப்போன தொல்லை.

மக்கள் சொன்ன பதில்

1978-இல் சிங்பூம் மக்கள் எழுந்தார்கள். "சால் என்றால் ஜார்க்கண்ட், சாகுவான் என்றால் பீகார்" என்பது அவர்களின் முழக்கம். சாகுவான் என்றால் தேக்கு. தேக்குக் கன்றுகளைப் பிடுங்கினார்கள், தோட்டங்களை வெட்டினார்கள். காட்டுரிமை, நிலவுரிமை, தனி மாநிலம் எல்லாம் ஒரே போராட்டமாகச் சேர்ந்தன. 1980 செப்டம்பர் 8 அன்று குவா என்ற சுரங்க ஊரில் கூடிய ஆதிவாசிகள் மேல் போலீசார் சுட்டார்கள். காயம்பட்டு மருத்துவமனைக்குப் போனவர்களும் அங்கே சுட்டுக் கொல்லப்பட்டார்கள். ஆண்டுதோறும் அந்த நாளில் குவாவில் அஞ்சலி நடக்கிறது. தனி மாநிலம் 2000 நவம்பர் 15-இல் பிறந்தது.

இது சிங்பூமின் கதை மட்டுமல்ல. அதே 1970-களில் பஸ்தரின் சால் காட்டுக்குப் பதில் பைன் நடும் திட்டம் வந்து, எதிர்ப்பால் கைவிடப்பட்டது. 1983-இல் கர்நாடகத்தின் தும்கூர் மாவட்ட விவசாயிகள் நாற்றங்காலில் புகுந்து யூகலிப்டஸ் கன்றுகளைப் பிடுங்கினார்கள். 2017-இல் கர்நாடக அரசே புதிதாக யூகலிப்டஸ் நடுவதைத் தடை செய்தது. நம்ம நீலகிரிக்கு அந்த மரம் 1843-இலேயே வந்துவிட்டது. பின்னர் அதுவும் வாட்டில் மரமும் தோடர் எருமைகள் மேய்ந்த புல்வெளிகளை விழுங்கின. மரமில்லாத புல்வெளியைத் தரிசு என்று நினைத்ததன் விளைவு அது.

கணக்கில் ஒரு சிக்கல்

1988-இன் தேசிய வனக் கொள்கை, இயற்கைக் காடுகளை ஆலைகளின் தோட்டங்களுக்குத் தரக்கூடாது என்று தெளிவாகச் சொன்னது. இருந்தும் சிக்கல் தீரவில்லை. ஒரு ஹெக்டேருக்குக் குறையாத நிலத்தில் மரக்கவிகை 10 விழுக்காட்டுக்கு மேல் இருந்தால், இந்திய வன அளவீட்டு நிறுவனம் அதை வனப்பரப்பாக எண்ணுகிறது. என்ன மரம், யார் நிலம் என்று பார்ப்பதில்லை. சால் காடு போய்த் தேக்குத் தோட்டம் வந்தாலும் அறிக்கையில் காடு குறைந்ததாகத் தெரியாது.

சாரண்டாவின் குன்றுகளுக்குள் இரும்புத் தாது இருக்கிறது. எஃகு நகரத்தில் வாழும் நம் குடும்பங்களின் சோறு அதிலிருந்து வருவது. ஆகவே சுரங்கமே வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. வெட்டிய காட்டுக்கு ஈடாக எங்கோ நட்ட கன்றுகளைக் காட்டி, "கணக்கு நேராகிவிட்டது" என்று யாராவது சொன்னால் நாம் தலையாட்ட வேண்டாம் என்றுதான் சொல்கிறேன்.

வயல் வரப்பில் தேக்கு வைப்பதும், சொந்த நிலத்தில் விறகுக்குத் தோப்பு போடுவதும் தப்பில்லை. காட்டின் மேலுள்ள சுமையை அவை குறைக்கும். ஆனால் சங்கத்தின் பெயரில் கன்று வாங்கும்போது, அது இந்த மண்ணின் மரமா, ஐந்தாறு வகை கலந்திருக்கிறதா, பக்கத்துக் கிராமத்தார் எதை விரும்புகிறார்கள் என்று முதலில் விசாரிப்போம். 2006-இன் வன உரிமைச் சட்டம் காட்டுப்பொருள் மீதும் காட்டைக் காக்கும் பொறுப்பிலும் அவர்களுக்கு உரிமை தந்திருக்கிறது. அவர்களின் கிராமசபையைக் கேட்டு நடுவதே முறை. கன்றுகளின் எண்ணிக்கை குறைந்தாலும் பரவாயில்லை. பத்து வருஷம் கழித்து அங்கே ஒரு பெண் கூடையோடு போய்ப் பூவோ காயோ பொறுக்கிக்கொண்டு வர முடிந்தால், நாம் போட்ட பணம் வீண் போகவில்லை என்று நம்பலாம்.