விஷமுண்ணும் பெரணி

மரத்தைக் கரையானும் பூஞ்சையும் அரித்துவிடாதிருக்கும்பொருட்டு, செம்பு, குரோமியம், ஆர்சனிக் ஆகியவை கலந்த கரைசலை மிகுந்த அழுத்தத்துடன் அதன் உட்புறம்வரை செலுத்திப் பதப்படுத்தும் வழக்கம் அமெரிக்க தேசத்தில் நெடுங்காலம் இருந்து வந்தது. அவ்வகைத் தொழிற்சாலையொன்று கைவிடப்பட்ட பின்னரும், புளோரிடா மாகாணத்தின் மத்தியிலிருந்த அதன் நிலம் ஆர்சனிக்கைச் சுமந்தபடியே கிடந்தது. பாஷாணம் என்று நம்மவர் அஞ்சும் பொருளிலுள்ள மூலகம் இதுவே. மூலகமாகையால் அது மக்கி அழிவதுமில்லை. மண்ணைத் தோண்டி வேறிடத்தில் கொட்டினாலும் விஷம் இடம் மாறுமேயன்றி ஒழியாது.

அந்நிலத்தில் தாமாகவே முளைத்துத் தழைத்திருந்த செடிகளைப் புளோரிடாப் பல்கலைக்கழகத்தின் லீனா மா அம்மையாரும் அவருடைய சகாக்களும் சோதித்தபோது, பழஞ்சுவர்களின் காரையிடுக்குகளில் நம் நாட்டிலும் காணக்கூடிய ‘டெரிஸ் விட்டாட்டா’ என்னும் பெரணி, பிற செடிகளுக்கு மரணம் விளைவிக்கும் அளவிலான ஆர்சனிக்கைத் தன் இலைகளில் சேர்த்து வைத்துக்கொண்டு சற்றும் வாடாமல் நிற்பதைக் கண்டார்கள். 2001-ஆம் ஆண்டு ‘நேச்சர்’ பத்திரிகையில் வெளியான அவர்களது கட்டுரையின்படி, ஆர்சனிக் மிகுதியாகக் கலந்த மண்ணில் வளர்த்த பெரணியின் உலர்ந்த இலையில், அதன் எடையில் நூற்றுக்கு 2 பங்குக்கும் அதிகமாக அவ்விஷம் இருந்தது. தாவர உலகின் ஆச்சரியங்களில் இதற்கு ஈடானவை சிலவே என்பது என் எண்ணம்.

இதன் ரகசியம் வேரிலே தொடங்குகிறது. ஆர்சனிக்கின் ஒரு வடிவாக மண்ணிலுள்ள ஆர்சனேட்டு, பயிருக்கு இன்றியமையாத பாஸ்பேட்டை இரசாயன அமைப்பில் ஒத்திருப்பதால், பாஸ்பேட்டு நுழையும் வழியாகவே வேருக்குள் புகுந்துவிடுகிறது. பெரும்பாலான செடிகள் அதனை வேரளவிலேயே தடுத்து நிறுத்த முயல, இப்பெரணியோ அதனை ஆர்சனைட்டு என்னும் மற்றொரு வடிவாக மாற்றி, இலைக்கு ஏற்றி, உயிரணுக்களிலுள்ள சாறு நிறைந்த நுண்பைகளில் ஒதுக்கி, ஜீவகாரியங்கள் நடைபெறும் பகுதிகளை அது தீண்டாவண்ணம் காத்துக்கொள்கிறது. இலைகளை அறுத்தெடுத்தால் மீண்டும் துளிர்க்கும். ஒவ்வோர் அறுவடையிலும் மண்ணின் விஷம் சிறிது குறையும்.

ஆயினும் இது அவசரக்காரர்களுக்குரிய மார்க்கமன்று. வேர் எட்டும் ஆழம்வரையில்தான் சுத்தியுண்டு. மிகவும் கெட்டுப்போன நிலத்துக்குப் பல ஆண்டுகள் பிடிக்கும். எல்லாவற்றினும் முக்கியமானது, செடி விஷத்தை அழிப்பதில்லை, மண்ணிலிருந்து இலைக்கு மாற்றுகிறது என்பதே. ஆதலால் அறுத்த தழையைக் கால்நடைக்குப் போடலாகாது, எருவாக்கலாகாது, ஆர்சனிக் புகையோடு கலந்து காற்றில் பரவுமாகையால் திறந்தவெளியில் எரிக்கவும் கூடாது. அபாயகரமான கழிவுக்குரிய பாதுகாப்புடன் அதனை அப்புறப்படுத்த ஏற்பாடு செய்துகொண்ட பிறகே இப்பெரணியை நடவேண்டும்.